வால்வு அம்ப்ளிபயரும் கிற்றாரின் உறுமலும்

பக்கீர் பாவாமார் ரபான் கொட்டிப் பாடுவதைக் கல்முனைக் கரையோர ஊர்களில் கேட்டிராதவர் சிலரே. விரல் நுனியால் மெல்லத் தட்டினால் ரபான் ஒரு குரலில் பேசுகிறது. உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாலோ, ஓசை உயர்வதோடு நில்லாது குரலே மாறிவிடுகிறது. மின்சாரக் கிற்றார் வாசிக்கும் இளைஞர்கள் பழைய வால்வு அம்ப்ளிபயரிடம் எதிர்பார்ப்பதும் இத்தகைய குரல் மாற்றத்தையே. ‘ஓவர்டிரைவ்’ என்பது அதற்கு அவர்கள் வழங்கும் பெயர்.

பள்ளிவாசலில் பாங்கொலி கரகரத்தால் உடனே திருத்துநரை அழைப்போம். அதே கரகரப்பை 1964ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டேவ் டேவிஸ் வேண்டுமென்றே தேடிச் சென்றார். தம் சிறிய அம்ப்ளிபயரின் ஒலிபெருக்கிக் கூம்பைச் சவர அலகினால் கீறிவிட்டுப் பாட்டைப் பதிவு செய்தார். கூம்பைக் கிழிப்பதினும் நல்ல வழிகள் உண்டு. அவற்றை அறிய, வால்வினுள் நிகழ்வதை முதலில் அறிதல் வேண்டும்.

சூடேறிய கதோட்டிலிருந்து புறப்படும் இலத்திரன்கள் அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையே ‘கிரிட்’ என்னும் கம்பிச் சுருள், வயல் வாய்க்காலின் மதகு போல நின்று அப்பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. முற்றாக மூடிய மதகை அதற்கு மேல் மூட இயலாது. முற்றாகத் திறந்ததை அதற்கு மேல் திறக்கவும் இயலாது. கிற்றாரின் மின்னலை இவ்விரு எல்லைகளையும் தாண்ட முயலும்போது அதன் முகடுகள் மழுங்குகின்றன. வால்வில் இம்மழுங்கல் படிப்படியாக நிகழ்கிறது. இரு பக்கமும் ஒரே அளவாகவும் நிகழ்வதில்லை. ஆகவே மீட்டிய சுரத்துடன் அதன் மேல் ஸ்தாயிச் சுரமும் பிற மேற்றொனிகளும் பிறந்து, ஒலி தடித்து இனிக்கிறது.

இரண்டு சுரங்களை ஒருசேர மீட்டினால் இன்னொரு விந்தை நிகழும். சட்ஜமத்தின் மீடிறன் இரண்டு பங்கு, பஞ்சமத்தினது மூன்று பங்கு எனக் கொள்வோம். மழுங்கிய அலையில் இவ்விரண்டின் வித்தியாசமாகிய ஒரு பங்கும் ஒலிக்கும். அது கீழ் ஸ்தாயிச் சட்ஜமமே ஆதலால் ஒலி நிறைவு பெறுகிறது. காந்தாரத்தையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள்: கிற்றார் மெட்டுகளில் காந்தாரம் இயற்கை விகிதத்தினின்றும் சற்றே உயர்ந்து நிற்பதால், வித்தியாசச் சுரங்கள் பொருந்தாமல் ஒலி கலங்கும். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போன்ற நமது துள்ளிசைப் பாடல்களுக்குத் தூய கிற்றார் ஒலியே தகும் என்று நான் கருதுவது இதனாற்றான்.

இனித் திருத்தத்துக்கு வருவோம். பல அம்ப்ளிபயர்களில் முதலில் நிற்பது 12ஏஎக்ஸ்7 என்னும் வால்வு. அதன் கதோட்டில் 1,500 ஓம் தடையும் 25 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியும் இணைந்திருப்பது வழக்கம். இந்தப் பெரிய கொள்ளளவி மந்தச் சுரங்களையும் முழுமையாகப் பெருக்குகிறது. தூய ஒலிக்கு அது நன்று. உறுமலுக்கோ, சேற்றில் கால் புதைந்தது போல் ஆகிவிடும். அதை எடுத்துவிட்டு 0.68 மைக்ரோபரட்டு அளவினதை இட்டால் மந்தச் சுரங்கள் சற்று அடங்கும், உறுமல் தெளியும். 1962இல் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மன் அமைப்பைப் பின்பற்றித் தொடங்கிய மார்ஷல் நிறுவனமும், பின்னர் 2,700 ஓம் தடையுடன் இச்சிறு கொள்ளளவியைக் கையாண்டது. ஒரே ஒரு திருத்தம் செய்வதாயின் இதையே செய்யுங்கள். வேண்டாவிடின் பழையபடி மாற்றுவதும் எளிது.

வெளியீட்டின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே கொணர்ந்து பிழை களையும் இணைப்பும் சில பெட்டிகளில் உண்டு. அங்குள்ள தடையின் அளவைக் கூட்டினால் அக்கட்டுப்பாடு தளர்ந்து உறுமல் விரைவில் வரும்.

முன்னதாக, வால்வு பொருந்தும் குழிகளைத் துடையுங்கள். கடற்கரை உப்புக் காற்றில் அத்தொடுகைகள் களிம்பேறும். அந்தக் களிம்பின் கரகரப்பையே ஓவர்டிரைவ் என்றெண்ணி மகிழ்ந்தவரை நான் கண்டதுண்டு!

உயிரைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். இப்பெட்டிகளுள் 300 முதல் 450 வோல்ட்டு வரை இருக்கலாம். செருகியைக் கழற்றிய பின்னும் பெரிய கொள்ளளவிகள் அந்த மின்னைத் தேக்கி வைத்திருக்கும். காவலிட்ட கம்பியில் 10,000 ஓம் தடையொன்றைப் பூட்டி, அதன் வழியாகத் தேங்கிய மின்னைச் சட்டகத்துக்கு வடியவிடுங்கள். மின் அற்றுவிட்டதென மானியால் அளந்தறிந்த பின்னரே கை வையுங்கள். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கு உரியதாயின், நமது 230 வோல்ட்டு மின்னில் நேரே செருகலாகாது.

பழைய வால்வு வானொலியைக் கிற்றார் அம்ப்ளிபயராக்க முனைவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில வானொலிகளில் செருகிக்கும் சுற்றுக்கும் இடையே டிரான்ஸ்போமர் இராது. வீட்டு மின் நேரே சட்டகத்தில் நிற்கும். கிற்றாரின் தந்திகள் அச்சட்டகத்தோடு இணைபவை. ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று தந்தியைத் தொட்ட கணமே உயிர் போகலாம். பின்மூடியைத் திறந்ததும் முதலில் அந்த டிரான்ஸ்போமரைத் தேடுங்கள். அது இல்லையெனில் மூடியை மீண்டும் பூட்டிவிட்டு, அப்பெட்டியில் செய்தி மட்டும் கேளுங்கள்.