பனிக்கு மேலே கோபுரங்கள்

உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி வழியாக மதுரைக்குச் செல்வோர், மார்கழி, தை மாதங்களில் பனி கவிந்த ஒரு நாள், கீழக்குயில்குடிச் சமணர் மலைமீது சூரியோதயத்துக்குச் சற்று முன்பாக ஏறிநின்று கிழக்கே நோக்குவார்களானால், வீடுகளும் வீதிகளும் வெண்மையில் மறைந்திருக்க, மீனாட்சியம்மன் ஆலயக் கோபுரங்கள் மாத்திரம் ஆகாயத்தில் மிதப்பதைக் காணக்கூடும்.

மேகமற்ற, காற்று அடங்கிய இரவில் பூமி தன் உஷ்ணத்தை இழந்துவிடுவதால், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அதன் நீராவி நுண்துளிகளாகிறது. மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்திருப்பதால் அப்பனி தாழ்ந்தே கிடக்க, ஏறக்குறைய 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரம் அதைக் கடந்து நிற்கிறது.

காமிரா இவ்வெண்மையை மிகுந்த வெளிச்சமென்று பிரமித்துப் படத்தை மங்கலாக்கிவிடும். ஒளியளவை ஒரு படி கூட்டிவைப்பது உத்தமம். 1858-ஆம் ஆண்டில் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரியோ, அக்காலத்து ரசாயனங்களில் வானம் வெறுமையாகப் பதிந்தமையால், நெகட்டிவ்கள் பலவற்றில் மேகங்களைத் தீட்டியே சேர்த்தார்! சாமர்த்தியசாலிதான். இன்று அந்தச் சிரமமில்லை; கைபேசியே போதும். ஆனால் வெயில் ஏறினால் பனி கலைந்துவிடும் ஆதலால், விடியலுக்கு முந்திய பேருந்தையே பிடிக்க வேண்டும்.