காற்றுக்குக் காத்திருக்கும் படகு

ஆடித் திங்களில் கொங்கு நாட்டில் வீசும் காற்றை அறியாதார் இலர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் அமைந்துள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது புகுந்து வருகிறது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் சுழல்வது இக்காற்றினாலேயே. கணவாயை அடையுமுன் இக்காற்று அரபிக்கடலைக் கடந்து வருகிறது. நிலத்தில் ஆலையை ஓட்டும் இக்காற்றே, கடலில் சிறு பாய்மரப் படகுகளின் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. அப்போது அலைகள் மலைபோல் எழும். படகுகள் தீவுகளை அண்டி நங்கூரமிட்டுக் காத்திருக்கும்.

இக்காத்திருப்பு மிகப் பழமையானது. நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் மணிகள் செய்த தொழிற்கூடங்களை அகழாய்வு வெளிப்படுத்தியுள்ளது. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளலூரில் உரோமானிய நாணயங்கள் கிடைத்துள்ளன. அவ்வாணிகத்தில் ஈடுபட்ட மரக்கலங்கள் தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் முசிறியை அடைந்தன. திரும்புவதற்கோ எதிர்த்திசைக் காற்று வேண்டும். ஆகவே மாலுமிகள் மாதக்கணக்கில் தங்கி, டிசம்பர், சனவரித் திங்களில் வடகிழக்குக் காற்றைப் பற்றிக்கொண்டு தம் நாட்டுக்கு மீண்டனர்.

இந்நாளிலும் சிறு பாய்மரப் படகுகளில் நெடும்பயணம் செய்வோர் உளர். படகே அவர்களுக்கு வீடு. புயற்காலம் வந்தால் அவர்கள் பாதுகாப்பான தீவுகளைத் தேடுவர். பூமத்தியரேகைக்கு இருபுறமும் ஏறத்தாழ 5 பாகைக்குள் புயல்கள் உருவாவது அரிது. எனவே மாலத்தீவின் தென்பகுதி போன்ற இடங்கள் நெடுநாள் தங்குவதற்கு ஏற்றவை. அங்குப் பவளப் பாறைகள் வளையம்போல் சூழ்ந்து நின்று, பேரலைகளைத் தடுக்கின்றன. வளையத்துக்குள் நீர் குளம்போல் அமைதியாக இருக்கும்.

ஆனால் உள்ளே நுழைவது எளிதன்று. கதிரவன் உச்சியில் நிற்கும் வேளையே நுழைவதற்கு ஏற்றது. அப்போதுதான் நீருக்கடியில் உள்ள பாறை கருநிறமாகவும், மணல் வெளிர்நிறமாகவும் தெரியும். நங்கூரத்தை மணலில்தான் இறக்க வேண்டும். பவளத்தின்மேல் இறக்கினால் பவளமும் சிதையும், சங்கிலியும் சிக்கிக்கொள்ளும். நீர் 10 மீட்டர் ஆழமெனில், சங்கிலியை ஏறத்தாழ 50 மீட்டர் நீளம் விடுவர். சங்கிலி கடலடியில் நீண்டு கிடந்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வி நிற்கும்.

படகு வாழ்க்கையில் முதற் கவலை குடிநீர். இருவர் வாழும் படகில் 400 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு ஒருவர் 5 லிட்டர் செலவிட்டால் அது 40 நாளுக்குப் போதும். நகரத்தார் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நம் நாட்டில் கணக்கிடுகின்றனர். அக்கணக்கில் செலவிட்டால் அதே நீர் இரண்டு நாளைக்கும் போதாது! ஆதலின் படகில் வாழ்வோர் கடல்நீரில் குளித்து, ஒரு குவளை நன்னீரால் உடலை அலம்பிக்கொள்வர். கலங்களையும் கடல்நீரிலேயே முதலில் கழுவுவர். மழை வந்தால் மேல்தளத்தில் துணியை விரித்து நீரைப் பிடித்துத் தொட்டியில் சேர்ப்பர். வறண்ட பருவங்களில் கிணற்று நீரை அளந்து பாய்ச்சும் கொங்கு உழவருக்கு இச்சிக்கனம் புதிதன்று.

உணவிலும் இவ்வாறே. அரிசியும் பருப்பும் உலர்ந்த பொருள்களும் படகிலேயே இருக்கும். தேங்காயும் வாழைப்பழமும் தீவில் கிடைக்கும். மீன் கடலில் கிடைக்கும். எனினும் எல்லா மீனும் உண்ணத்தக்கதன்று. பவளப் பாறைகளில் மேயும் மீன்கள் சிலவற்றின் உடலில் நஞ்சு சேர்ந்திருக்கும். அது சமைத்தாலும் நீங்காது. எதை உண்ணலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதைத் தீவின் முதியோரைக் கேட்டே அறிவர்.

நிற்கும் படகுக்கு ஓயாத பகை உண்டு. வெப்பக் கடலில் சில வாரங்களிலேயே அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படியும். படகின் வேகம் குறையும். மரப்படகானால் ஒருவகைக் கடற்புழு மரத்தைத் துளைத்து உட்புறத்தை அரித்துவிடும். அதைத் தடுக்க இந்துமாக்கடல் மாலுமிகள் படகைக் கரையேற்றி, சுண்ணாம்பும் மீன் எண்ணெயும் பூசினர். வெயில் பாயின் நூலை இற்றுப்போகச் செய்யும். உப்புக்காற்று இரும்பைத் துருவாக்கும். எனவே பாயைத் தைப்பதும், கயிற்றைச் சோதிப்பதும், அடிப்பகுதியைச் சுரண்டுவதும் அன்றாட வேலைகள். வெளியிலிருந்து காண்போர்க்கு ஓய்வாகத் தோன்றும் வாழ்க்கை, உண்மையில் இடையறாத உழைப்பே.

இரவிலும் விழிப்பு வேண்டும். காற்றின் திசை மாறினால் நங்கூரம் பெயர்ந்து படகு பாறையில் மோதக்கூடும். காற்றழுத்தமானி திடீரென இறங்கினால் புயல் நெருங்குவதாகக் கொள்வர். கடல் தரும் காலம் சிறிதே. 2017 நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கிப் புயல் குறுகிய நேரத்தில் வலுப்பெற்றது. ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் பலர் உயிரிழந்தனர். லட்சத்தீவுகளில் கரையேறிய பலர் உயிர் தப்பினர். தீவு என்பது கடலோடிக்குக் காட்சிப்பொருளன்று. உயிர் காக்கும் அடைக்கலம்.

பொறுமையுடன் காலமறிந்து செயற்படுவோர்க்குக் கடல் வழிவிடும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள். 56 அடி நீளமுள்ள 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில், மழைப் பருவம் ஓய்ந்த 2024 அக்டோபர் 2 ஆம் நாள் இருவரும் கோவாவிலிருந்து புறப்பட்டனர். நான்கு துறைமுகங்களில் மட்டும் தங்கி, உலகை வலம் வந்து, 2025 மே 29 ஆம் நாள் மீண்டனர். அவ்வப்போது பழுது நீக்கி, இருப்பதை அளந்து செலவிட்டு, காற்றின் போக்கறிந்து பாயை விரித்தும் சுருக்கியும் அவர்கள் 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்தனர்.

காற்றை எவரும் ஆள முடியாது. அதன் கணக்கை அறிந்து நடக்கலாம். நங்கூரமிட்டு நிற்கும் நாளில் படகைச் செப்பனிட்டு வைத்தவனே, நற்காற்று வீசும் நாளில் பாய் விரித்துச் செல்கிறான். வாழ்க்கையிலும் காத்திருக்கும் காலம் வீணான காலமன்று. அது ஆயத்தம் செய்துகொள்ளும் காலமாகும்.