ஆபிரிக்க நாவல் எங்கே அச்சாகிறது?

ஆபிரிக்க இலக்கியம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருபவர்கள் சினுவா ஆச்செபே, வொலே சொயிங்கா, ங்கூகி வா தியொங்கோ ஆகிய மூவருந்தான். ஆச்செபேயின் முதல் நாவலை என். கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். ஆகவே, ஆங்கிலம் வாசிக்காதவர்களும் அதனை அறிந்திருக்கக்கூடும். இம்மூவரின் நூல்களைப் புரட்டி, அவை வெளியான இடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் லண்டன் என்றே இருக்கும். அந்தச் சிறிய விவரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆச்செபேயின் நாவல் 1958 இல் லண்டனில் ஹைனமன் நிறுவனத்தினால் வெளியிடப்பட்டது. அதே நிறுவனம் 1962 இல் 'ஆபிரிக்க எழுத்தாளர் வரிசை' என்ற மலிவுப் பதிப்பு வரிசையைத் தொடங்கியது. அதன் முதல் ஆலோசக ஆசிரியராகப் பத்தாண்டுகள் பணியாற்றியவரும் ஆச்செபேதான். ஒரு கண்டத்தின் எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் வாசிக்க வழிசெய்த வரிசை அது. அதன் சேவையைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் இறுதி முடிவும் கணக்குப் புத்தகமும் லண்டனில் இருந்தன. 1980களின் தொடக்கத்தில் நைஜீரியாவில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டு நூல் இறக்குமதி சுருங்கியபோது, வரிசையும் தளர்ந்தது. 2003 அளவில் அங்கு புதிய நூல்கள் வெளிவருவது ஏறத்தாழ நின்றுபோயிற்று.

ஆபிரிக்காவிலேயே வெளியிட முயன்றவர்கள் இல்லையா? இருந்தார்கள். நைஜீரியாவின் இபதான் நகரில் 1961 இல் தொடங்கப்பட்ட 'ம்பாரி' கலைஞர் கழகம், மறு ஆண்டே கிறிஸ்தோபர் ஒகிக்போ, ஜே. பி. கிளார்க் ஆகியோரின் கவிதைகளை நூலாக்கியது. 1967 இல் ஒகிக்போவும் ஆச்செபேயும் சேர்ந்து எனுகு நகரில் ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு பயாஃப்ரா யுத்தம் மூண்டது. ஒகிக்போ போர்முனையில் உயிரிழந்தார். பதிப்பகமும் அத்தோடு போயிற்று. 'எஃபுரு' நாவலை 1966 இல் லண்டனில் வெளியிட்ட புளோரா நுவாப்பா, 1970களில் தம் கதைகளுக்காகத் தாமே பதிப்பகம் தொடங்கினார்.

இத்தகைய முயற்சிகளுக்கு ஊக்கமளித்தது ஒரு ஜப்பானியப் பதிப்பாளர் நிறுவிய நோமா விருது. ஆபிரிக்க எழுத்தாளரின் நூலாக இருந்தால் மட்டும் போதாது, ஆபிரிக்க மண்ணில் வெளியிடப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 1980 இல் முதல் விருதைப் பெற்றவர் செனகல் நாட்டின் மரியாமா பா. அவருடைய கடித வடிவ நாவல் டக்கார் நகரில் வெளிவந்தது. 2009 உடன் அந்த விருது நின்றுபோனது பேரிழப்பு என்றே கருதுகிறேன்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2002 இல் கென்யாவின் பின்யவங்கா வைனைனாவுக்கு, ஆபிரிக்கச் சிறுகதைக்கென இங்கிலாந்தில் வழங்கப்படும் கெயின் பரிசு கிடைத்தது. அவர் நண்பர்களோடு சேர்ந்து மறு ஆண்டு நைரோபியில் 'க்வானி?' என்ற இலக்கிய ஏட்டைத் தொடங்கினார். நைரோபித் தெருப் பேச்சில் அதற்கு 'அதனாலென்ன?' என்று பொருள். பெயரிலேயே ஒரு துடுக்கு! அந்த ஏட்டில் வெளியான இவொன் ஒவூரின் கதைக்கு 2003 ஆம் ஆண்டுக்கான கெயின் பரிசு கிடைத்தது. வைனைனா 2019 இல் காலமானார்.

ஏட்டோடு நில்லாமல் க்வானி நூல்களையும் வெளியிட்டது. அவற்றுள் நான் முதன்மையாகக் கருதுவது உகண்டாவின் ஜெனிபர் நன்சுபுகா மகும்பி எழுதிய 'கின்டு'. மகும்பி இங்கிலாந்தின் மன்செஸ்டரில் வாழ்பவர். ஆயினும் இந்நாவலை அந்நாட்டுப் பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. அளவுக்கு மீறி ஆபிரிக்கத் தன்மை கொண்டது என்பது காரணம்! 2013 இல் க்வானி நடத்திய நாவல் கையெழுத்துப்படிப் போட்டியில் அது முதலிடம் பெற்று, 2014 இல் நைரோபியில் நூலாயிற்று.

அப்படி என்னதான் அதில் இருக்கிறது? 1750 இல் புகண்டா இராச்சியத்தின் ஒரு பிரதேச ஆளுநரான கின்டு, தலைநகருக்குப் பயணம் போகும் வழியில் வளர்ப்பு மகனை ஓர் அறை அறைகிறான். பையன் இறந்துவிடுகிறான். பெற்ற தந்தையின் சாபம் கின்டுவின் வம்சத்தைத் தொடர்கிறது. பின்னர் கதை 2004 ஆம் ஆண்டுக் கம்பாலாவுக்குத் தாவி, ஒருவரையொருவர் அறியாத சந்ததியினர் சிலரைப் பின்தொடர்கிறது. இடையே வந்த பிரித்தானிய ஆட்சிக் காலத்தை ஆசிரியர் ஏறத்தாழ முழுமையாகவே தாண்டிச் செல்கிறார். இடி அமீனும் ஓரமாகத்தான் வந்துபோகிறார். வெள்ளைக்காரர் வந்ததும் எல்லாம் சிதைந்தது என்ற கதையை எதிர்பார்க்கும் மேலைத்தேய வாசகருக்கு இங்கே பிடிமானம் இல்லை. உகண்டா வாசகருக்கோ பெயர்களும் உறவுமுறைகளும் விளக்கமின்றியே புரிகின்றன. யாருக்காக எழுதுகிறோம் என்பதற்கு மகும்பி தந்த விடை இது. அந்த விடையை அச்சிடத் துணிந்தது நைரோபியின் சிறிய பதிப்பகமே.

பிறகு நடந்தது சுவையானது. 2017 இல் அமெரிக்காவிலும் 2018 இல் இங்கிலாந்திலும் 'கின்டு' வெளிவந்தது. 2018 இல் மகும்பிக்கு அமெரிக்காவின் விண்டம் கம்பெல் பரிசும் கிடைத்தது. இதே திசையில் பயணம் செய்த இன்னொரு நூல் தேஜு கோல் லாகோஸ் நகரைப் பற்றி எழுதிய முதல் படைப்பு. அபூஜா நகரில் 2006 இல் உருவான கசாவா ரிபப்ளிக் பதிப்பகம் 2007 இல் அதை வெளியிட்டது. அமெரிக்கப் பதிப்பு வர ஏழு ஆண்டுகள் சென்றன.

ஆனால் இந்தப் பதிப்பகங்களின் நிலையைப் பார்த்துப் பரவசப்பட வேண்டாம். பாடநூல் விற்பனைதான் ஆபிரிக்கப் பதிப்புத் துறையின் முதுகெலும்பு. நாவலுக்கும் கவிதைக்கும் அந்த ஆதரவு இல்லை. ஒரு நாட்டு நூல் அயல் நாட்டுக் கடைக்குப் போய்ச் சேருவதே கடினம். லாகோஸ் நூல் நைரோபிக்குச் செல்ல இங்கிலாந்தைச் சுற்றிவர நேரும். ஆபிரிக்கப் பதிப்பாளர்கள் சேர்ந்து 1985 இல் உருவாக்கிய கூட்டு விநியோக நிறுவனமே ஒக்ஸ்போர்டில்தான் அமைந்தது. யாழ்ப்பாணத்தில் அச்சான கவிதைத் தொகுதியைக் கொழும்பில் தேடி அலைந்த வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

உரிமை விவகாரம் இன்னொரு சிக்கல். ஓர் எழுத்தாளர் லண்டன் பதிப்பாளருடன் உலக உரிமைக்கு ஒப்பந்தம் செய்துவிட்டால், சொந்த ஊர்ப் பதிப்பாளர் உள்ளூர் விலைக்கு ஏற்ற பதிப்பை வெளியிட அங்கே அனுமதி கேட்க வேண்டும். இதற்கு மாறாக அமைந்தது 2021 இல் பிரான்சின் கொங்கூர் பரிசு பெற்ற மொஹமட் ம்பூகர் சாரின் நாவல். பாரிஸின் பிலிப் ரே பதிப்பகமும் டக்காரின் ஜிம்சான் பதிப்பகமும் இணைந்து வெளியிட்ட நூல் அது. ஜிம்சானைத் தொடங்கியவர்களுள் வொலொஃப் மொழியிலும் நாவல் எழுதிய பூபக்கார் போரிஸ் தியோப்பும் ஒருவர்.

அதே 2021 இல் நொபெல் பரிசு பெற்றவர் சன்சிபாரில் பிறந்த அப்துல்ரசாக் குர்னா. சுவாஹிலி பேசி வளர்ந்தவர். ஆனால் ஆங்கிலத்தில் எழுதுபவர். 1994 இல் வெளியான அவருடைய 'பரடைஸ்' நாவல், 2022 இல்தான் 'பெப்போனி' என்ற பெயரில் சுவாஹிலியில் வந்தது. தாருஸ்ஸலாமில் வோல்டர் ப்கோயா நிறுவிய ம்குகி ந ந்யோட்டா என்ற சிறிய பதிப்பகமே அதை வெளியிட்டது.