குட்டி ஜப்பானில் ஒரு ஜெர்மன் பரீட்சை!

மாலை ஆறு மணி. சிவகாசியில் அக்கா மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளேயிருந்து புரியாத பாஷையில் பேச்சுச் சத்தம். யாரோ விருந்தாளி போலிருக்கிறது என்று சமையலறையை எட்டிப் பார்த்தேன். அங்கே அவளையும் இட்லிப் பானையையும் தவிர யாரும் இல்லை! பானையைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி ஜெர்மன் பேசிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க மதினி. நாலு நிமிஷம் முடியட்டும், காப்பி போட்டுத் தருவா" என்றார் அவள் மாமியார். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே!

'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய ஊருக்கு ஜெர்மனியோடு என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, ஜெர்மனியிலிருந்து யந்திரம் தருவித்து வேலையைத் தொடங்கினார்கள் என்பது ஊர்ச் சரித்திரம். அன்று அங்கிருந்து யந்திரம் வந்தது. இன்று இங்கிருந்து நம் பெண்கள் நர்ஸ் வேலைக்குப் போகிறார்கள்.

என் அக்கா மகளும் நர்ஸ்தான். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். அவள் கணவருக்குப் பட்டாசு ஆலையில் கணக்கு வேலை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு, வருஷம் முழுவதும் வேலை இருக்கும் என்ற நம்பிக்கை அந்த வீட்டில் ஆட்டம் கண்டுவிட்டது. மூன்று வயதுப் பெண் குழந்தை வேறு. "நான் போனால்தான் சித்தி வழி பிறக்கும்" என்று ஜெர்மன் படிக்க உட்கார்ந்தாள்.

பரீட்சை என்ன கேட்கிறது?

பாஷைத் திறமையை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நான்காவது படி பி2. ஜெர்மனியில் முழு நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக இந்த பி2 வேண்டும். அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் வேலைதான், சம்பளமும் குறைவு. பி1 முடித்துப் போய், மீதியை அங்கே படிக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஷிப்டு வேலையும் பார்த்துக்கொண்டு தனியாகப் படிப்பதைவிட, மாமியார் துணை இருக்கும்போதே முடித்துவிடலாம் என்பது இவள் கணக்கு.

கதே இன்ஸ்டிடியூட் பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். 60 எடுத்தால் தேர்ச்சி. ஒன்றில் தவறினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி எழுதலாம்.

பேச்சுத் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராகக் கூப்பிடுகிறார்கள். தயார் செய்ய 15 நிமிஷம். முதலில், கொடுத்த இரண்டு தலைப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு சுமார் 4 நிமிஷம் தனியாகப் பேச வேண்டும். விஷயத்தில் என்னென்ன வழிகள் உண்டு, அதில் ஒன்று எப்படி, அதன் நன்மை தீமை என்ன, உங்கள் கருத்து என்ன என்று சொல்ல வேண்டும். பிறகு கேள்விகள் வரும். அடுத்து, கூட வந்தவரோடு ஒரு விஷயத்தைப் பற்றிச் சுமார் 5 நிமிஷம் விவாதம். வேறு அமைப்புகள் நடத்தும் தேர்வில் இந்த முறை கொஞ்சம் மாறும். எந்தத் தேர்வு என்று முடிவு செய்துகொண்டு, அதன் மாதிரித் தாளை முதலில் பார்த்துவிடுங்கள்.

மனப்பாடம் கை கொடுக்கவில்லை

முதல் தடவை மூன்று பகுதியில் தேறியவள், பேச்சில் மட்டும் 52 வாங்கித் திரும்பினாள். இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை.

என்ன ஆயிற்று? எட்டுத் தலைப்புக்குக் கட்டுரை எழுதி நெட்டுருப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். தலைப்பும் கிட்டத்தட்ட ஒத்துவந்திருக்கிறது. கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். "உங்கள் வீட்டில் இது எப்படி?" என்று தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் வாய் அடைத்துவிட்டது. விவாதத்திலும் எதிரே இருந்த பெண் சொன்னதைக் காதில் வாங்காமல், தன் பாட்டுக்குப் பேசியிருக்கிறாள்.

"ஒப்பிச்சா போதுமாத்தா? பேச்சுன்னா பதில் சொல்லணுமில்ல?" என்றாராம் மாமியார். அந்த ஒரு வார்த்தைதான் திருப்பம்.

வீடே பள்ளிக்கூடம்

சகோதரிகளே, அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

சிவகாசியில் தினசரி காலண்டருக்குப் பஞ்சமா? கிழித்த தாளின் பின்பக்கத்தில் தினம் ஒரு தலைப்பு எழுதி டப்பாவில் போட்டார் மாமியார். 'குழந்தைக்கு எந்த வயதில் செல்போன்?', 'வீட்டு வேலையில் ஆண்களுக்குப் பங்கு உண்டா?', 'பிளாஸ்டிக் பை வேண்டுமா?' பி2 தேர்வில் வருவதும் இப்படிப்பட்ட அன்றாட விஷயங்கள்தான். குடும்பம் நடத்துகிறவளுக்கு இதிலெல்லாம் கருத்து இல்லாமலா போகும்? வார்த்தை மட்டும்தான் வேண்டும்.

ஒரு சீட்டு எடுக்க வேண்டும். 15 நிமிஷத்தில் குறிப்பு எழுத வேண்டும். முழு வாக்கியம் கூடாது. பத்துப் பன்னிரண்டு சொற்கள் போதும். பிறகு கடிகாரம் வைத்து நாலு நிமிஷம் பேச்சு. முடிந்ததும் மாமியார் தமிழில் குறுக்குக் கேள்வி போடுவார்; இவள் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். மாமியாருக்கு ஒரு சொல்லும் புரியாது. "ஆனா திணறினா தெரிஞ்சுடும் மதினி" என்பார்!

அதோடு, செல்போனில் தன் பேச்சைப் பதிவு செய்து, பாத்திரம் துலக்கும்போது போட்டுக் கேட்பாள். ஒரே தப்பு மூன்று முறை வந்தால் நோட்டில் குறித்துக்கொள்வாள். வாரம் இரண்டு நாள், கூடப் படித்த பெண்ணோடு போனில் விவாதம். எதிராளியை மடக்குவது அல்ல நோக்கம். அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒப்புக்கொண்டோ மறுத்தோ மேலே பேசுவதுதான். 'ஐனர்ஸைட்ஸ்' என்றால் ஒரு பக்கம் பார்த்தால்; 'அண்டரர்ஸைட்ஸ்' என்றால் இன்னொரு பக்கம். இப்படிச் சில இணைப்புச் சொற்கள் நாக்கில் பழகிவிட்டால் யோசிக்க அவகாசம் கிடைக்கும். கேள்வி புரியாவிட்டால், மறுபடி சொல்லுங்கள் என்று ஜெர்மனிலேயே கேட்கலாம், முழிப்பதுதான் தப்பு.

தமிழ் தரும் துணை

ஜெர்மன் கஷ்டம் என்று மலைக்காதீர்கள். நம் தமிழ் சில இடத்தில் தோள் கொடுக்கும். 'வைல்' என்றால் 'ஏனென்றால்'. அந்தச் சொல் வந்துவிட்டால் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். 'வைல் மைன் கிண்ட் க்ராங்க் இஸ்ட்' - என் குழந்தை சுகமில்லாமல் இருப்பதால். பாருங்கள், அங்கேயும் 'இரு' கடைசியில்தான்! சாதாரண வாக்கியத்தில் மட்டும் வினை இரண்டாவது இடத்தில் நிற்கும். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு நான்கு. நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் உண்டு. தேர்வாளரிடம் எப்போதும் 'நீங்கள்'தான்.

தமிழில் இல்லாத ஒலிக்கு ஒரு சுலப வழி: 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஊ' போலக் குவியுங்கள். அதேபோல் 'ஏ' சொல்லி 'ஓ' போலக் குவியுங்கள். கண்ணாடி முன் தினம் ஐந்து நிமிஷம் போதும்.

உடம்பும் முக்கியம்

ராத்திரி ஒரு மணி வரை கண் விழித்துப் படித்தவள் காலையில் எல்லாம் மறந்துபோய் அழுவாள். படித்தது மனசில் பதியத் தூக்கம் வேண்டும் என்று சொல்லிப் பத்து மணிக்கே படுக்க வைத்தோம். தேர்வுக்கு ஒரு நாள் முன்னதாகவே சென்னைக்கு ரயிலேறினாள். ராத்திரிப் பயணம் முடித்து நேரே தேர்வு அறைக்குப் போவது வேண்டாம். வெந்நீர், லேசான டிபன். பேசுமுன் நாலு முறை மூச்சை நிதானமாக வெளியே விட்டால் படபடப்பு குறையும்.

இன்னொன்று: வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை. முகவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

கதவைச் சாத்திய அரை மணி

இரண்டாவது தடவை 71. போனில் சொல்லும்போதே அழுகை.

"நான் என்னத்தப் பண்ணினேன்? சாயங்காலம் அரை மணி நேரம் பிள்ளையத் தூக்கிட்டுப் போய்க் கதவச் சாத்தினேன், அவ்வளவுதான்" என்றார் மாமியார். சின்ன வயசில் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டியவர் அவர். தனக்கென்று அரை மணி கிடைப்பது எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியும்.

முதலில் இவள் மட்டும் போகிறாள். கணவரும் குழந்தையும் பிறகுதான். "அம்மா எப்ப வருவா?" என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு இன்னும் யாரிடமும் பதில் இல்லை. ஆனால் குழந்தை இப்போதே 'டாங்கெ' என்று நன்றி சொல்லப் பழகிவிட்டது, பாட்டியிடம்!

உங்கள் வீட்டிலும் ஒரு மகளோ மருமகளோ எதையாவது படித்துக்கொண்டிருக்கிறாளா? புத்தகம் வாங்கித் தருவது அப்புறம் இருக்கட்டும். இன்று மாலை அந்த அரை மணியை முதலில் கொடுங்கள்.