பழைய ஸ்டூடியோ ஸ்பீக்கரும் பிள்ளையின் ஓதலும்



வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டு வந்தது, கொழும்பில் மலிவாய்க் கிடைத்தது என்று சில வீடுகளின் கூடத்தில் பாரமான இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருக்கும். அவற்றுள் சில, ஒரு காலத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பதிவைச் சரிபார்க்கப் பயன்பட்டவை. மேலே பூச்சாடி, உள்ளே தூசி! அந்தப் பெட்டியில் ஓதலைப் போட்டால் ஒரு வீட்டில் பானைக்குள் பேசுவது போல் கேட்கும். இன்னொரு வீட்டில் ஊசி குத்துவது போல் கேட்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஓசையின் அளவுகள் நிலை தவறியிருக்கும், அவ்வளவுதான்.

அது என்ன அளவு? நமது வாவிக்கரையிலேயே அதற்குப் பாடம் உண்டு. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போனால் பழுகாமம். அங்குள்ள திரௌபதையம்மன் கோவில் திருவிழா நாட்களில் புனல் போன்ற லவுட்ஸ்பீக்கர்கள் கட்டுவார்கள். இரவில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்திருப்பதால், மேலெழும் சத்தம் வளைந்து மீண்டும் கீழிறங்கி, அக்கரை வரை வந்து சேரும். ஆனால் என்ன வருகிறது என்று காது கொடுத்துப் பாருங்கள். அடித்தொனி இராது, புனல் அதைத் தருவதில்லை. மெல்லிய கூரிய ஓசையும் இராது. அதை வழியிலேயே காற்று விழுங்கிவிடும். நடுத்தொனி மட்டுமே வரும். சொல் விளங்கும், குரலின் அழகு விளங்காது. அடி, நடு, நுனி என்ற இந்த மூன்றையும் சரியான விகிதத்தில் தருவதுதான் வீட்டுப் பெட்டியின் வேலை.

பாட்டுக் கேட்பது கூடுமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. என் கவலை பிள்ளைகளைப் பற்றியது. முழுக் குர்ஆன் ஓதலும் முதன்முதலாக ஒலிப்பதிவாக வெளிவந்தது 1961இல். ஓதியவர் எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்கள். இன்று எத்தனையோ பிள்ளைகள் அவர் போன்ற காரிகளின் பதிவைக் கேட்டுத்தான் உச்சரிப்பைத் திருத்திக்கொள்கிறார்கள். ஸீன் எழுத்தின் சீறல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. ஷீன் அதற்குச் சற்றுக் கீழே. ஸாத்தின் கனம் சீறலை விட அதையடுத்து வரும் உயிரோசையில், அதாவது நடுத்தொனியில், கூடுதலாய்த் தெரியும். பழைய கம்பித் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. அதனால்தான் அதில் பெயர் சொன்னால் ‘ஸ’வா, ‘ஃப’வா என்று மறுபடி கேட்க வேண்டியிருந்தது. உங்கள் பெட்டியும் அப்படி ஆகியிருந்தால், பிள்ளை பிழையாய்க் கேட்டுப் பிழையாகவே ஓதும். உஸ்தாத் அடித்துத் திருத்துவதில் பயனில்லை.

முதலில் இடம். கிழக்கில் வீடு பெண்ணுக்கு என்பது நம் வழக்கம் அல்லவா? ஆகவே பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையதே! மூலையில் ஒட்டி வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடித்தொனியை ஊதிப் பெருக்கிவிடும். பானைக்குள் பேசும் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. சுவரிலிருந்து இரண்டு சாண் முன்னே இழுங்கள், மூலையை விட்டு விலக்குங்கள், தரையில் வைக்காமல் உறுதியான ஸ்டூலில் ஏற்றுங்கள். சிறிய ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். குமிழைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஊசி குத்தும் வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும். பாய் விரியுங்கள், எதிர்ச் சுவரில் கனமான மருதமுனைக் கைத்தறித் துணியை மடிப்பு மடிப்பாய்த் தொங்கவிடுங்கள். துணி கூரிய ஓசையைக் குடிக்கும். அடித்தொனியை ஒன்றும் செய்யாது. அதற்கு இடம் மாற்றுவதே வழி.

இனிக் குமிழ்கள். 1970இல் வந்த ஜே.பி.எல். எல்100 என்ற பெட்டி, ஸ்டூடியோப் பெட்டி ஒன்றின் வீட்டு வடிவம். அதன் முகத்தில் நடுத்தொனிக்கு ஒன்றும் நுனித்தொனிக்கு ஒன்றுமாய் இரண்டு குமிழ்கள் உண்டு. வேறு சிலவற்றில் பின்புறம் இருக்கும். வாவிக் காற்றின் ஈரமும் உப்பும் பட்ட குமிழ்களின் உள்ளே களிம்பு பிடித்துவிடும். பழுகாமமானாலும் காத்தான்குடியானாலும் காற்று ஒன்றுதானே. அம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு ஒவ்வொரு குமிழையும் இருபது தடவை முழுதாய் முன்னும் பின்னும் திருகுங்கள். கரகரப்பு நின்றால் நல்லது. நிற்காவிட்டால் றேடியோ திருத்துபவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்விக்கலாம்.

பின் சத்தத்தைக் குறைத்து வைத்து, காகிதத்தைக் குழலாய்ச் சுருட்டி ஒவ்வொரு ட்வீட்டருக்கும் நேரே பிடித்துக் காது வையுங்கள். கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கத் தோணிக்காரர் துடுப்பின் நுனியில் காது வைப்பது போலத்தான். ஒன்று ஊமையாய் இருந்தால் குமிழ் திருகிப் பயனில்லை. உள்ளே ஓசையைப் பிரிக்கும் பகுதியிலுள்ள கண்டென்சர்கள் வருடக்கணக்கில் காய்ந்து அளவு மாறிப்போகும். அதே அளவில் புதியது போட வேண்டும். பெரிய ஸ்பீக்கரின் ஓரத்தில் பஞ்சு வளையம் இருந்தால் விரலால் மெதுவாய்த் தொட்டுப் பாருங்கள். நம் ஈர வெப்பத்தில் அது மாவாய் உதிரும். உதிர்ந்தால் அடித்தொனி பிளந்து கேட்கும்.

எல்லாம் சரியென்றால் குமிழ்களை நடுவில் நிறுத்தி, உங்களுக்கு நன்கு பழக்கமான ஓதல் ஒன்றை ஒரு பெட்டியில் மட்டும் ஒலிக்க விடுங்கள். நுனித்தொனிக் குமிழை, எழுத்துகள் மங்கும் வரை குறையுங்கள். பிறகு ஸீனும் ஷீனும் பிரிந்து கேட்கும் இடம் வரை மெல்லக் கூட்டி, அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் கூட்டினால் அழகு போலத் தோன்றும். கால் மணி நேரத்தில் தலை வலிக்கும். மற்றப் பெட்டியையும் தனியே இதற்கு ஒப்பிட்டு வைத்து, கடைசியில் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

குமிழே இல்லாத பெட்டி என்றால்? யமஹா என்.எஸ்.10 என்ற வெள்ளைக் கூம்புப் பெட்டி 1978இல் வீட்டுக்கென்றே வந்தது. வீட்டில் யாரும் பெரிதாய் விரும்பவில்லை. ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டு உலகப் புகழாக்கிவிட்டார்கள். அதன் கூர்மை தாங்காமல் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? ட்வீட்டருக்கு முன்னால் ஒரு டிசு காகிதத்தை ஒட்டிவிட்டார்கள்! 2001இல் உற்பத்தி நின்றுவிட்ட அந்தப் பெட்டி உங்களிடம் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை.

சமையலறையில் நின்றபடி “சரியா?” என்று குரல் கொடுக்காதீர்கள். அடித்தொனி சுவரைத் துளைத்து வரும், நுனித்தொனி வராது. அங்கிருந்து கேட்டால் எல்லாமே இரைச்சலாய்த்தான் படும். அடுத்த வீட்டுக்காரருக்கும் அதே இரைச்சல்தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். வயதான வாப்பா கேட்கும்போது “இன்னும் கூட்டு” என்பார். முதுமையில் கூரிய ஓசையே முதலில் காதை விட்டுப் போகும். அவருக்காகக் கூட்டுங்கள், பாதகமில்லை. ஆனால் பிள்ளை ஓத உட்காருமுன் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டு வர, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.