வலைக்கண்ணும் உயிர்க்கலமும்



திருகோணமலைக் கடற்கரையிற் காலை வேளையிற் செல்வோர், கடலினின்று மீண்ட மீனவர் தம் வலைகளை விரித்துக் கிழிந்த கண்களைப் பொத்திக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பர். வலை கிழிவது இயல்பு. கிழிசலை உள்ளவாறே பொத்திவிட்டால் அது பழைய வலையே. கண் பிழைபடப் பொத்திவிட்டாலோ, அப்பிழை வலையின் அமைப்பாகவே நிலைத்துவிடும். வேலை சற்று ஓயும்போது கை வெற்றிலையை நாடும். துறைமுகத் தொழிலாளரிடத்தும் வயலிற் பாடுபடுவோரிடத்தும் இப்பழக்கம் உண்டு. இன்று நாம் பேசப் புகுவது, அந்த வாயினுள்ளே நிகழும் கிழிசலையும் அதனைச் செப்பனிடும் முறையையும் பற்றியே.

இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோயே முதலிடம் பெறுகின்றது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை விளைவிக்கும் என்பது 1985இலேயே உறுதியாயிற்று. புகையிலை சேராவிடினும் வெற்றிலைபாக்குத் தீங்கானதே என்றும், பாக்குத் தானே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்றும், 2003இற் கூடிய அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு முடிவு செய்தது.

பாக்கு எவ்வாறு நோயாகின்றது? நம் உடலின் ஒவ்வொரு கலத்திலும் டீ.என்.ஏ. என்னும் நீண்ட இரட்டை இழை உண்டு. அதில் அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கே எழுத்துகள், ஏறத்தாழ 300 கோடி இணைகளாக அமைந்துள்ளன. அடினினுக்குத் தைமினும் குவானினுக்குச் சைற்றோசினும் இணையாகும். பாக்கும் சுண்ணாம்பும் வாயிற் கலக்கும்போது ஒட்சிசனின் தீவிரமான கூறுகள் தோன்றுகின்றன. அவை குவானினைத் தாக்கி அதன் உருவைச் சிறிது மாற்றுகின்றன. இது கிழிசல், இன்னும் விகாரம் அன்று. இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கலம் இரண்டாகப் பிரியுமுன் டீ.என்.ஏ. படியெடுக்கப்படுகின்றது. உரு மாறிய குவானினைக் காணும் நொதியம், சைற்றோசினுக்குப் பதிலாக அடினினை அதற்கு இணையாக வைத்துவிடக்கூடும். அடுத்த படியெடுப்பில் அந்த அடினின் தனக்குரிய தைமினைச் சேர்த்துக்கொள்ளும். குவானின் இருந்த இடத்தில் இப்போது தைமின் நிற்கின்றது. பார்வைக்குப் பழுதற்ற இணை; ஆனால் எழுத்து மாறிவிட்டது. இதுவே விகாரம். பிழை இன்னதென்று காட்ட மூலப்படி இல்லாமையால், இனி அதைத் திருத்துவாரில்லை.

இத்தகைய பழுதுகள் பழக்கம் எதுவும் இல்லாதவரிடத்தும் ஒரு கலத்தில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் நேர்கின்றன. ஆயினும் நாம் நலமாயிருப்பதற்குக் காரணம், பழுதான எழுத்தை அறுத்தெடுத்துப் புதியதைப் பொருத்தும் நொதியங்களே. இவற்றின் செயலை விளக்கியமைக்காகத் தோமஸ் லிண்டால், போல் மொட்ரிச், அசீஸ் சான்சார் ஆகிய மூவர் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். எனவே நோய் என்பது செப்பனிடுதலுக்கும் படியெடுத்தலுக்கும் இடையே நிகழும் ஓட்டப் பந்தயத்தின் முடிவாகும். வெற்றிலைச் சக்கை இடையறாது உரசும் கன்னத்திற் கலங்கள் விரைந்து பெருகும். செப்பனிடுதற்கு அவகாசம் குறையும். பெருகலை நிறுத்தி அவகாசம் தரும் பீ-53 என்னும் காவற் புரதத்தின் எழுத்திலேயே விகாரம் நேருமாயின், காவலும் ஒழிந்தது.

செப்பனிடுவோரையே தாக்கும் நஞ்சும் உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்று கேம்பிரிட்ஜிற் பணியாற்றிய அசோக் வெங்கிடராமனும் அவர்தம் ஆய்வுக் குழுவினரும் 2017இல் ஒன்றைக் கண்டறிந்தனர். ஃபோமல்டிகைட்டும், மதுவிலிருந்து உடலில் உண்டாகும் அசற்றல்டிகைட்டும், பீ.ஆர்.சி.ஏ.-2 என்னும் செப்பனிடும் புரதத்தைச் சிதைக்கின்றன. பிறப்பிலேயே அப்புரதத்திற்குரிய ஒரு படி பழுதானவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. சிகரெட்டுப் புகையில் இவ்விரு பொருள்களும் உள்ளன. வெற்றிலையுடன் புகையும் மதுவும் சேர்வது, வலையைக் கிழித்துவிட்டு, பொத்துபவன் கையையும் கட்டிவிடுவது போலாம்.

எனினும் ஒரு விகாரத்தாற் புற்றுநோய் தோன்றிவிடாது. பல விகாரங்கள் ஒரே கலவழியிற் சேர்தல் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் செல்லும். அந்த ஆண்டுகளே நமக்குள்ள வாய்ப்பு. கன்னத்தின் உட்புறத்திலோ நாவின் ஓரத்திலோ வெண்படலம் அல்லது செம்படலம், இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வாயை முன்போல் அகலத் திறக்க இயலாமை, இவை அக்காலத்தின் அறிகுறிகளாகலாம். ஆரம்ப சுகாதார ஊழியரே இவற்றைக் கண்டறிய வல்லவர் என்பதைச் சமன் வர்ணகுலசூரியவும் அவர்தம் கூட்டாளரும் இலங்கையிற் செய்த ஆய்வு 1984இற் காட்டிற்று.

ஆகவே, கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். ஐயமுண்டாயின், வலி வரட்டும் என்று காத்திராது பல் வைத்தியரிடம் செல்லுங்கள். தொடக்கத்தில் இந்நோய்க்கு வலி இல்லாதிருத்தலே வழக்கம். முன்னரே நேர்ந்த விகாரத்தை நாம் அழிக்க முடியாது. ஆனால் தட்டத்தை இன்று ஒதுக்கி வைப்பவர், நாளைய கிழிசல்களைக் குறைத்து, உடலுக்குத் தன் வலையைத் தானே பொத்திக்கொள்ளும் அவகாசத்தை அளிக்கின்றார்.