பூச்சிக்கொல்லிகளும் நன்னீர் மீன்களும்

வயலில் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லி முழுவதும் பயிரின்மீதே தங்கிவிடுவதில்லை. ஒரு பகுதி காற்றில் பரவுகிறது. மற்றொரு பகுதி மண்ணில் படிந்து, மழைநீருடனும் வடிகால் நீருடனும் குளம், ஏரி, ஆறு ஆகியவற்றைச் சென்றடைகிறது. அங்கு வாழும் விரால், கெளுத்தி, கெண்டை போன்ற மீன்கள் சிற்றூர் ஏழை மக்களுக்கு எளிதில் கிட்டும் புரத உணவாகும். ஆகவே, மீனுக்கு நேரும் கேடு மனிதனின் உணவையும் பாதிக்கிறது.

உறுப்புகளில் நேரும் மாற்றங்கள்

நச்சு முதலில் தாக்குவது செவுளையே. மெல்லிய செவுள் இதழ்களின் மேற்படலம் தடித்து உரிகிறது. அடுத்தடுத்த இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதனால் ஆக்சிஜன் ஏற்கும் பரப்புக் குறைகிறது. மீன் அடிக்கடி நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறப்பது இதன் அறிகுறியாகும்.

நச்சை முறிக்கும் பணி கல்லீரலைச் சார்ந்தது. அளவு மிகும்போது கல்லீரல் அணுக்களில் வெற்றிடங்கள் தோன்றி, நாளடைவில் அவை மடிகின்றன. சிறுநீரகத்தின் நுண்குழல்களும் சிதைவுறுகின்றன. மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் சேர்மங்கள், நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. மீன் நிலைதடுமாறி நீந்துகிறது. சினைப்பையில் முட்டைகள் முதிராமலே அழிகின்றன.

இறப்பு மட்டுமே அளவுகோலா?

நச்சுத்தன்மையை அளக்கும் வழக்கமான சோதனை, 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் செறிவைக் கணக்கிடுவதாகும். எண்டோசல்பானைப் பொறுத்தவரை, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவே பல மீன் இனங்களுக்குப் போதுமானது. ஆயினும், இச்சோதனை உயிர் பிழைத்த மீனின் நிலையைக் கூறுவதில்லை. கொல்லாத அளவிலும் மேற்கூறிய சிதைவுகள் நேரக்கூடும். கட்லா, ரோகு, மிருகால் ஆகியவை முட்டையிடுவது பருவமழைக் காலத்தில். காரிப் பயிர்களுக்கு மருந்து தெளிப்பதும் அப்பருவத்திலேயே. மீன்கள் செத்து மிதக்காத குளத்திலும், அடுத்த ஆண்டின் மீன்வளம் குன்றிவிடலாம்.

மாற்று மருந்துகளும் எச்சரிக்கையும்

1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் இம்மருந்துகளின் பதிவையும் விற்பனையையும் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவந்தது. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. ஆனால், ஒரு மருந்தை விலக்கி மற்றொன்றைக் கொள்வதால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளைப் பாலூட்டிகளின் உடல் விரைவில் சிதைத்துவிடுகிறது. மீன்களுக்கு அத்திறன் மிகக் குறைவு. மனிதனுக்குக் கேடு குறைந்தது என்பதால் மீனுக்கும் அவ்வாறே என்று கருதலாகாது.

செய்யத்தக்கவை

தெளிப்பான்களையும் காலிக் கலன்களையும் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவுதல் கூடாது. மழை வரும் அறிகுறி தோன்றினால் தெளிப்பை ஒத்திப்போட வேண்டும். தெளித்தபின் வயல்நீரைச் சில நாட்களுக்கு வடிக்காமல் தேக்கிவைத்தல் நலம். நீர்நிலையை ஒட்டித் தெளிக்காத பட்டை ஒன்றை விட்டுவைக்கலாம். வேப்பங்கொட்டைச் சாறு, விளக்குப்பொறி, டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி ஆகியவற்றை இணைத்துப் பயன்படுத்தும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை, மருந்தின் தேவையையே குறைக்கும். ஆயினும், வேம்பும் நீர்வாழ் உயிர்களுக்கு முற்றிலும் தீங்கற்றதன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வேளாண்மைத் துறையும் மீன்வளத் துறையும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்கின்றன. பயிருக்கு மருந்தைப் பரிந்துரைக்கும் அலுவலர், அவ்வயலின் வடிகால் எக்குளத்தில் சேர்கிறது என்பதையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.